திரும்பி வந்தவர்களின் மறுபாதி

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-இல் மூண்ட முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அது சொல்கிறது. நாட்டின் வேறு பல ஊர்களிலும் பிரிட்டிஷ் அரசு இதே வாசகத்தில், எண்களை மட்டும் மாற்றிக் கல் பதித்தது. கழித்துப் பார்த்தால் 263 பேர் உயிரோடு ஊர் திரும்பியிருக்க வேண்டும். அன்றைய மதராஸ் மாகாணத்துப் படைகள் மெசபடோமியாவுக்கும் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பப்பட்டவை. அந்த வெயிலையும் காய்ச்சலையும் குண்டையும் தாண்டி வந்தவர்கள் அதன் பிறகு எத்தனையோ வருடம் உழுதிருப்பார்கள், கடை வைத்திருப்பார்கள், பிள்ளைகளைக் கரையேற்றியிருப்பார்கள், பஞ்சாயத்தில் நியாயம் பேசியிருப்பார்கள். கல் அவர்களுக்குக் கொடுத்த இடம் ஓர் எண்ணிக்கை மட்டும்தான். இறந்தவர்களுக்கும் அதில் பெயர் இல்லை.

நூறு ஆண்டு கழித்தும் நம் பழக்கம் பெரிதாக மாறிவிடவில்லை. தேசியக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்குள் வரும்போது தெரு முழுக்க நின்று அழுகிறோம். அது உண்மையான அழுகை, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பணி முடித்து ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலில் வந்து இறங்குகிறவரை ஊர் எப்படி வைத்துக்கொள்கிறது? ஆகஸ்ட் 15-க்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிடுகிறோம், ஒரு பொன்னாடை போர்த்துகிறோம், டிசம்பர் 7 கொடி நாளில் உண்டியலில் பணம் போடுகிறோம். அவர் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்பதுகூடப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது. "மிலிட்டரிக்காரர்" என்ற ஒற்றைச் சொல்லில் அவருடைய இளமையும் அடங்கிவிடுகிறது, அதற்குப் பிந்தைய நாற்பது ஆண்டும் அடங்கிவிடுகிறது. முன்னாள் படைவீரர் ஒருவரைக் கௌரவிப்பது என்றால் அவர் சீருடையில் செய்ததையும் சீருடையைக் கழற்றிய பிறகு செய்ததையும் ஒரே வாழ்க்கையாகப் பார்த்துப் பதிவு செய்வதுதான் முறை. அவர் உயிரோடு இருக்கும்போதே, அவர் வாழும் ஊரே அதைச் செய்ய வேண்டும்.

இதை வெறும் நல்லெண்ணமாகச் சொல்லவில்லை. ஒரு பாதியை விட்டுவிட்டால் மறுபாதியும் புரியாமல் போகும் என்பதற்குக் கேப்டன் லட்சுமியைவிட நல்ல சான்று கிடைக்காது. 1914-இல் சென்னையில் பிறந்த அவரை நாம் நினைவில் வைத்திருப்பது தொப்பியும் காக்கிச் சட்டையும் அணிந்து, நேதாஜியோடு பெண்கள் படையின் அணிவகுப்பைப் பார்வையிடும் புகைப்படத்தில்தான். அந்தப் படத்துக்கு முன்னால் ஒரு மருத்துவர் இருந்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1938-இல் எம்.பி.பி.எஸ். முடித்து, மகப்பேறு மருத்துவத்தில் பட்டயமும் பெற்று, 1940-இல் சிங்கப்பூர் போய், அங்கே இந்தியாவிலிருந்து பிழைக்க வந்த ஏழைத் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டினார். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் அங்கு வந்து, இந்திய தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென ஒரு படைப்பிரிவு வேண்டும் என்று அறிவித்தபோது அதற்குத் தலைமை ஏற்றார். அக்டோபரில் ராணி ஜான்சி படைக்கான பயிற்சி முகாம் சிங்கப்பூரில் திறந்தது. அதே மாதம் 21-ஆம் தேதி அமைந்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் பெண்கள் நலத்துறை அவர் பொறுப்பில் வந்தது. பிறகு பர்மா, மேமியோ மருத்துவமனை, பின்வாங்கல். 1945-இல் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டு, 1946 மார்ச்சில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். சீருடை வாழ்க்கை மூன்று ஆண்டுகூட முழுதாக இல்லை.

அதன் பிறகு அவர் 66 ஆண்டு வாழ்ந்தார். இந்திய தேசிய ராணுவ அதிகாரியாக, செங்கோட்டையில் பிரிட்டிஷார் நடத்திய வழக்கில் நிறுத்தப்பட்ட பிரேம் சாகலை 1947-இல் மணந்து கான்பூரில் குடியேறி, பிரிவினையில் வீடிழந்து வந்த அகதிகளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கியவர், தொண்ணூறு வயதைக் கடந்தும் தன் கிளினிக்கில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் குவிந்தபோது மருந்தும் துணியும் திரட்டிக்கொண்டு எல்லையோர போன்காவ் முகாமுக்குப் போய் வாரக்கணக்கில் தங்கிப் பணி செய்தார். 1984 டிசம்பரில் போபால் விஷவாயு விபத்து நடந்ததும் மருத்துவக் குழுவோடு அங்கே போனார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இந்திரா காந்தி கொலையைத் தொடர்ந்து சீக்கியர்களைத் தாக்கக் கும்பல்கள் கிளம்பின. கான்பூரில் தன் கிளினிக் இருந்த நெரிசலான பகுதியில் ஒரு சீக்கியர்மீதும் கை விழாதபடி தெருவில் இறங்கி நின்று கும்பலைத் தடுத்தபோது அவருக்கு 70 வயது. கையில் ஆயுதம் கிடையாது, பின்னால் படையும் கிடையாது. 2012 ஜூலை 23-இல் இறந்தபோது, அவர் விருப்பப்படி உடலும் மருத்துவக் கல்லூரிக்கே கொடுக்கப்பட்டது.

மேமியோவில் காயம்பட்டவர்களுக்கு நடுவே இருந்த லட்சுமியையும், கான்பூர் தெருவில் கும்பலுக்கு எதிரே நின்ற லட்சுமியையும் தனித்தனியாக மதிப்பிட முடியுமா? முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராணி ஜான்சி படை போர்முனையில் நேரடியாகச் சுட்டுப் போரிட்ட படை அல்ல. பயிற்சி எடுத்தது, பர்மாவுக்குப் போனது, காயம்பட்டவர்களைக் கவனித்தது, குண்டுவீச்சுக்கு நடுவே பின்வாங்கியது. போர்க்களச் சாதனையை மட்டும் அளவுகோலாக வைத்தால், "இவர்கள் எங்கே போரிட்டார்கள்" என்று ஒரு வரியில் முழுப் படையையும் தள்ளிவிடலாம். அப்படித் தள்ளியவர்களும் உண்டு. அந்தப் பெண்கள் அதன் பிறகு வாழ்ந்த வாழ்க்கையைக் கூடவே வைத்துப் பார்த்தால்தான் அந்தப் படைவாழ்க்கை அவர்களை என்னவாக ஆக்கியது என்பது தெரியும்.

லட்சுமி ஒருவர் விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். கோலாலம்பூரில் வசதியான வீட்டில் பிறந்த ஜானகி ஆதி நாகப்பன், 18 வயதில் காதில் கிடந்த வைரத்தோட்டைக் கழற்றிப் போஸிடம் கொடுத்துவிட்டு அந்தப் படையில் சேர்ந்து, துணைத் தளபதி அளவுக்கு உயர்ந்தார். 1945-இல் ரங்கூனிலிருந்து குண்டுவீச்சுக்கு நடுவே கால்நடையாகப் பின்வாங்கிய குழுவில் இருந்தார். போருக்குப் பின் மலாயாவில் நோயும் பஞ்சமும் பரவியபோது இந்திய தேசிய காங்கிரஸ் அனுப்பிய மருத்துவக் குழுவோடு சேர்ந்து உழைத்தார். மலாயா இந்தியக் காங்கிரஸ் 1946-இல் தொடங்கப்பட்டபோது அதில் முன்னின்றார், பின்னாளில் மலேசிய மேலவையில் உறுப்பினரானார். ஈப்போவில் பிறந்த ராசம்மா பூபாலன் 16 வயதில் அக்காவோடு படையில் சேர்ந்தவர். போர் முடிந்து படித்து ஆசிரியையானார். ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்றிருந்த மலாயாவில், 1960-இல் பெண் ஆசிரியர்களுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கித் தலைமை தாங்கிச் சம ஊதியத்துக்காகப் போராடினார். வரிசையில் நின்று ரைஃபிள் பிடித்த சிறுமி, அரசாங்கத்தின் முன் கோரிக்கை மனுவோடு நின்ற பெண்ணாக வளர்ந்த கதை அது. படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். பலர் மறுபடியும் அதே தோட்டத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் லயத்து வீடுகளில் வளர்த்த பிள்ளைகளும், கங்காணியை நிமிர்ந்து பார்த்த பார்வையும் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. பேர் பெற்ற மூவரை நாம் அறிவதற்குக் காரணம், அவர்களுடைய பின்வாழ்க்கையும் பொதுவாழ்க்கையாக இருந்ததுதான்.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்திய ராணுவத்தில் சிப்பாயாகச் சேருகிறவர் 15 ஆண்டு பணி முடித்தால் ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறுகிறார். பத்தொன்பது, இருபது வயதில் சேர்ந்தவர் நாற்பதை எட்டுவதற்கு முன்பே வெளியே வந்துவிடக்கூடும். அவர் வாழ்க்கையில் பெரும்பகுதி அதற்கு அப்பால்தான். 2022-இல் வந்த அக்னிபத் திட்டம் இந்தக் கணக்கை இன்னும் கூர்மையாக்கிவிட்டது. நான்கு ஆண்டு பணி, சேர்ந்தவர்களில் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரம், மற்றவர்களுக்கு ஒரு தொகையோடு விடை, ஓய்வூதியம் இல்லை. இருபத்தைந்து வயதுக்குள் "முன்னாள்" ஆகப்போகிறவர்களின் தலைமுறை ஒன்று நம் கிராமங்களுக்குத் திரும்ப இருக்கிறது. வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே மக்கள் அழைக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர் அது. அப்படிப்பட்ட ஊர்களில், திரும்பி வருகிற இளைஞனுக்கு யாரை முன்மாதிரியாகக் காட்டப்போகிறோம்? சுவரில் மாலையிட்ட படத்தை மட்டுமா? அதே தெருவில் முப்பது ஆண்டாக மெக்கானிக் கடை நடத்துகிற சுபேதாரையும் காட்ட வேண்டாமா?

இந்த இடத்தில் நெருங்கிப் பார்க்க வேண்டிய ஒரு காட்சி உண்டு. எந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலிலும், எந்த வங்கியின் முன்னாலும் அது கிடைக்கும். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, சணல் கயிற்றில் கட்டிய பேனா, வண்டி எண் எழுதுகிற நோட்டு. அதன் பின்னால் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயதுக்காரர். காவல் பணி நேர்மையான பணி. முன்னாள் படைவீரர்களுக்கு வேலை தேடித் தருவதற்காகவே தமிழக அரசின் டெக்ஸ்கோ நிறுவனம் 1986-இலிருந்து இயங்கி வருகிறது, அதனால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. ஆனால் அந்த நோட்டில் எழுதுகிற கை இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டுப் பாருங்கள். 2024 ஜூலைக் கடைசியில் வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு சூரல்மலையில் 190 அடி நீளப் பெய்லி பாலத்தை இரவு பகலாக நின்று கட்டி, ஆகஸ்ட் 1-இல் முடித்துக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவினர். ராணுவம் முழுக்கத் "தம்பி" என்று அழைக்கப்படுகிற படை அது. அத்தகைய கையை வாசல் திறக்க மட்டும் பயன்படுத்துவது ஊருக்குத்தான் நஷ்டம். வெள்ளம் வரும்போது எங்கே மண்மூட்டை அடுக்க வேண்டும், எந்த மதகு முதலில் உடையும் என்று கேட்பதற்கு ஊரில் ஆள் இருக்கிறார். ஆனால் அவர் இருப்பது ஊருக்குத் தெரியவில்லை. பதிவு செய்வதை வெறும் புகழ்ச்சியாக நான் எண்ணவில்லை, ஊர் தன் ஆட்களைத் தெரிந்துகொள்வது அது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது இது: உயிர் கொடுத்தவரையும் உயிரோடு திரும்பி மளிகைக்கடை வைத்தவரையும் ஒரே தட்டில் வைத்தால் தியாகத்தின் மதிப்பு குறைந்துவிடாதா? நியாயமான கேள்விதான். நம் மரபும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கும் முற்பட்டவை. அவற்றில் ஒன்று ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் பெயரையும் ஊரையும் சொல்கிறது. அதே பூசலில் மாட்டை மீட்டுக்கொண்டு திரும்பியவர்களுக்குக் கல் நடவில்லை. சரி, இறந்தவருக்கான கல் இறந்தவருக்கே இருக்கட்டும். அதில் பங்கு கேட்கவில்லை. ஆனால் அதே மரபு இன்னொன்றையும் செய்தது. களத்தில் விழுந்தவனின் குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் கொடுத்தது. கல் இறந்தவனுக்கு, நிலம் பிழைத்திருப்பவர்களுக்கு. இரண்டும் வேறு வேறு கடன், ஒன்றைத் தீர்த்தால் மற்றது தீராது என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது. திரும்பி வந்தவருக்கான கடன் மூன்றாவது. அதைத்தான் நாம் தொடங்கவே இல்லை.

அரசாங்கம் ஓய்வூதியம் தருகிறது, மருத்துவத் திட்டம் இருக்கிறது, வேலையில் இட ஒதுக்கீடு இருக்கிறது, தொழில் தொடங்க மூலதன மானியத்தோடு ஒரு கோடி ரூபாய் வரை கடன் பெற வழிசெய்யும் "முதல்வரின் காக்கும் கரங்கள்" திட்டமும் 2024 சுதந்திர தின உரையில் அறிவிக்கப்பட்டது, இன்னும் என்ன வேண்டும் என்பது அடுத்த வாதம். அவை உரிமைகள், வரட்டும், பெருகட்டும். ஆனால் ஓய்வூதிய ஆணையில் பெயர், பதவி, எண், தொகை இருக்கும். மனிதர் இருக்க மாட்டார். சியாச்சினில் விரல் நுனி மரத்துப்போனவர் இன்று ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலையில் ஓட்டப் பயிற்சி தருகிறார் என்பதை எந்த அலுவலகக் கோப்பும் சொல்லாது. குடியில் விழுந்து மீண்டவர்களையும், மீள முடியாமல் போனவர்களையும் அது சொல்லாது. கணவர் எல்லையில் இருந்த பதினைந்து ஆண்டும் மாமியார், பிள்ளைகள், வயல், கடன் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாக இழுத்த மனைவியை அது சொல்லவே சொல்லாது. வீரத்தை மட்டும் பேசுகிற மேடை இந்த உண்மைகளுக்கு இடம் தருவதில்லை, அதனால் உதவி தேவைப்படுகிற படைவீரர் வாய் திறப்பதும் இல்லை.

தமிழருக்கே உரிய கடினமான ஒரு கேள்வியும் உண்டு. அதைத் தவிர்த்துவிட்டு இதைப் பேசினால் நேர்மையாக இருக்காது. 1987-இலிருந்து 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப் படையில் தமிழகத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியப் படையினர் அங்கே இறந்தார்கள். அதே படையின் கையில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் பட்ட துயரமும் உண்மை. 1990 மார்ச்சில் அந்தப் படை சென்னைக்குத் திரும்பியபோது அன்றைய முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம் அந்தத் துயரம்தான். போரே சரியா என்ற கேள்வி இருக்கும்போது, போரிட்டவரை எப்படிக் கௌரவிப்பது? ஒரு மனிதரின் முழு வாழ்க்கையைப் பதிவு செய்வதும் ஒரு போருக்கு ஆதரவுச் சான்றிதழ் வழங்குவதும் ஒன்றல்ல என்பதே என் பதில். பொன்னாடைதான் கேள்வி கேட்க விடாது. வாழ்க்கைப் பதிவு கேள்விக்கு இடம் வைக்கும். தமிழ் பேசிய ஒரு சிப்பாய், தமிழ் பேசிய ஒரு வீட்டுக் கதவைத் தட்டியபோது என்ன நினைத்தார், அதை முப்பத்தைந்து ஆண்டு எப்படிச் சுமந்தார் என்பதை அவர் வாயால் கேட்டு எழுதிவைப்பது யாழ்ப்பாணத்தின் வலியை மறைப்பதாகாது. மறைத்துவைத்திருப்பது நம்முடைய மௌனம்தான்.

அரசியலும் இப்படித்தான் குறுக்கே வரும். கேப்டன் லட்சுமி மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். 2002 குடியரசுத் தலைவர் தேர்தலில் இடதுசாரிகளின் வேட்பாளராக அப்துல் கலாமை எதிர்த்து நின்றார். ஏவுகணை அறிஞரும் முன்னாள் படைத்தலைவியும் மோதிய அந்தத் தேர்தலில் இருவருமே தமிழ் மண்ணில் பிறந்தவர்கள். வாக்கு மதிப்பில் கலாமுக்கு 9,22,884, லட்சுமிக்கு 1,07,366. அவருடைய கட்சியை ஏற்காதவர்கள் அவருடைய சீருடைப் படத்தை மட்டும் மாட்டிக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது வசதியாக இருக்கிறது. ஆனால் போரிலிருந்து திரும்பியவர் தன் மனத்துக்குச் சரியென்று பட்ட அரசியலைப் பேசுவதற்காகத்தானே சுதந்திரம்? அவர் வாழ்க்கையில் நமக்குப் பிடித்த பக்கங்களை மட்டும் கிழித்துவைத்துக்கொண்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைக்கக் கூடாது.

செய்ய வேண்டியது அவ்வளவு கடினமும் இல்லை, செலவும் இல்லை. மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, யார் எந்த ஊரில் இருக்கிறார் என்ற விவரம் அங்கே இருக்கும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது, அதில் ஜனவரி 26-ம் ஆகஸ்ட் 15-ம் உண்டு. அந்த இரண்டு நாளில் ஊரின் ஒரு படைவீரரை அழைத்துப் பேசச் சொல்லலாம். அவர் அனுமதியோடு, அவர் சொல்ல விரும்புவதை மட்டும், பள்ளி ஆசிரியர் ஒருவரும் இரண்டு மாணவர்களும் எழுதிக்கொள்ளலாம்: எந்தப் படைப்பிரிவு, எங்கெல்லாம் பணி, எப்போது திரும்பினார், பிறகு என்ன தொழில், என்ன தொல்லை, யாருக்கு என்ன செய்தார், வீட்டில் யார் பாரம் சுமந்தார்கள். பழைய டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகல் ஒன்று, இருந்தால் ஒரு புகைப்படம். ஊர் நூலகத்தில் அந்த ஏடு இருக்கட்டும். நகரங்களில் வார்டு அளவில் இதையே செய்யலாம். ரகசியம் காக்க வேண்டிய பணி விவரங்களை அவர்களே சொல்ல மாட்டார்கள், அதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்.

காலம் மட்டும் நமக்காகக் காத்திருக்காது. 1971-இல் இருபது வயதில் வங்கப் போருக்குப் போனவர் இன்று எழுபதுகளின் நடுவில் இருக்கிறார். 1962-இல் சீன எல்லையில் நின்றவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் சிலர் உங்கள் தெருவிலேயே இருக்கக்கூடும். அடுத்த கிராம சபைக்கு முன் அவர்கள் வீட்டுக்குப் போய், போரைப் பற்றிக் கேட்டுவிட்டு அதோடு நிறுத்தாமல், "ஐயா, அதுக்கப்புறம் என்ன பண்ணீங்க?" என்றும் கேளுங்கள்.